மாணவர்களை ஒத்திகைக்கு அழைத்துச் செல்லுங்கள்

கோலாலம்பூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் தம் பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்தின் சார்பில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். உள்ளூர்த் தமிழ் நாடகக் குழு ஒன்று இவ்வாண்டு இரண்டு புதிய நாடகங்களை மேடையேற்றப் போகிறது. ஒன்று ஜப்பானியர் ஆட்சிக் காலத்துச் சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஒரு தோட்டக் குடும்பத்தின் கதை, மற்றொன்று எப்போதும் பழுதாகிக் கிடக்கும் மின்தூக்கியைச் சுற்றி நடக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு நகைச்சுவை. பள்ளிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் நுழைவுச்சீட்டும், நாடகம் பார்த்த பிறகு ஒரு நாள் பயிலரங்கும் தருவதாகக் குழு கடிதம் அனுப்பியிருக்கிறது. தலைமையாசிரியர் பயன் என்ன என்று கேட்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில், பள்ளியிறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கு இது எப்படி உதவும் என்று கேட்கிறார்கள். போகலாமா, போனால் எந்த நாடகத்துக்கு, எந்தப் படிவத்து (வகுப்பு) மாணவர்களை அழைத்துப் போவது என்பதுதான் ஆசிரியையின் கேள்வி.

போகலாம். ஆனால் கடிதத்தில் இருக்கும் வரிசையில் போக வேண்டாம் என்பதே என் பதில். முதலில் நாடகம், பிறகு பயிலரங்கு என்ற அந்த வரிசை நாடகக் குழுவுக்கு வசதியானது, ஏனென்றால் அரங்கின் இருக்கைகள் நிரம்பிவிடுகின்றன. மாணவருக்குக் கிடைப்பது, வேறொருவர் சமைத்து முடித்த சாப்பாட்டை உண்டுவிட்டு அதைப் பற்றிப் பேசும் வாய்ப்பு மட்டுமே. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் மாணவர்களோடு நாடகப் பட்டறைகள் நடத்தி வந்தவன் என்ற முறையில் நான் கண்டது என்னவென்றால், ஒரு புதிய நாடகம் மாணவருக்கு உண்மையில் கற்றுக் கொடுப்பது அது முடிவடையாமல் இருக்கும் மாதங்களில்தான். அந்த மாதங்களுக்குள் உங்கள் மாணவர்களை நுழைய விடுவார்களா என்று குழுவிடம் கேளுங்கள். விடுவார்கள் என்றால் நுழைவுச்சீட்டுக்குக் கழிவு தராவிட்டாலும் பாதகமில்லை.

இந்த எண்ணம் எனக்குத் தோன்றியதன்று. பள்ளிகளை நோக்கிச் செல்லும் அரங்குக்கு ஒரு தொடக்கம் உண்டு. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், போரில் அழிந்த நகரை மீண்டும் கட்டியெழுப்பியபோது, 1958இல் பெல்கிரேடு அரங்கம் என்ற பெயரில் ஒரு வட்டார அரங்கம் திறக்கப்பட்டது. (யூகோஸ்லாவியத் தலைநகர் அன்பளிப்பாக அனுப்பிய மரத்தைக் கொண்டு உள்வேலைப்பாடுகள் செய்யப்பட்டதால் அந்தப் பெயர்.) அங்கே 1965இல் நடிகராகவும் ஆசிரியராகவும் ஒருங்கே இயங்கக்கூடிய சிலரைக் கொண்ட சிறு குழு அமைக்கப்பட்டது. அவர்கள் பேருந்து பேருந்தாக மாணவர்களை அரங்குக்கு வரவழைக்கவில்லை. தாங்களே பள்ளிக்குப் போய், ஓரிரு வகுப்பு மாணவர்களோடு மட்டும் வேலை செய்தார்கள். கதையைப் பாதியில் நிறுத்தி, இனி என்ன செய்வது என்று மாணவர்களைக் கேட்டார்கள். மாணவர்கள் சொன்ன முடிவுக்கேற்பக் கதை நகர்ந்தது. ‘கல்வி அரங்கு’ என்று இன்று நாம் சொல்வது அங்கிருந்து பரவியதுதான். பிரேசிலைச் சேர்ந்த அகஸ்தோ போவால் இதையே வேறொரு திசையிலிருந்து செய்தார். அவருடைய மன்ற அரங்கில், பார்வையாளர் ஒருவர் “நிறுத்து” என்று சொல்லி, மேடையில் அடக்கப்படும் பாத்திரத்தின் இடத்தைத் தாமே எடுத்துக்கொண்டு வேறு வழியை நடித்துக் காட்டலாம். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: மாணவர் கதைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் அல்லர்.

தமிழுலகில் இதை மிக ஆழமாகச் செய்தவர்கள் இலங்கையர்கள். அங்கே ‘நாடகமும் அரங்கியலும்’ என்பது உயர்தர வகுப்புத் தேர்வுப் பாடம். யாழ்ப்பாணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியதும், போர்க்காலத்தில், 1985இல் ‘மண் சுமந்த மேனியர்’ போன்ற நாடகங்களை உருவாக்கியதும், ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற சிறுவர் நாடகங்களை எழுதியதும் தனித்தனி வேலைகளாக நடக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளும் பழைய மாணவர்களுமே அந்த அரங்கின் நடிகர்கள், முதல் பார்வையாளர்கள். கிழக்கில் சி. மௌனகுரு எழுதிய ‘தப்பி வந்த தாடி ஆடு’ சிறுவர் நாடகத்தை இன்றும் பள்ளிகள் எடுத்து நடிக்கின்றன. புதுச்சேரியில் வேலு சரவணன், கோமாளி வேடத்தில் பள்ளி முற்றங்களுக்கே போய்க் குழந்தைகளைக் கதைக்குள் இழுத்துப் போடும் சிறுவர் அரங்கை வளர்த்தார். அவருடைய ‘கடல் பூதம்’ பார்த்த குழந்தைகள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டின் வழக்கமான பள்ளிகளில் நாடகம் தனிப் பாடமாக இல்லை. நம்மிடம் இருப்பது, தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் ‘பாகமேற்று நடித்தல்’ என்ற சிறு நடவடிக்கை, தமிழ் விழாக்களில் நடக்கும் நாடகப் போட்டி, எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்தில் ஒரு நாடக நூல் ஆகிய மூன்றே. போட்டி நாடகத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. ஒலிவாங்கியை விழுங்கிவிடுவது போல நெருங்கி நின்று, திராவிட இயக்க மேடையின் அடுக்குமொழியை மனனம் செய்து ஒப்பிக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நடை ஒரு காலத்தில் அரசியல் உயிர்ப்போடு இருந்தது. நம் பிள்ளைகளிடம் அது வந்து சேர்ந்தபோது சத்தம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இலக்கியப் பாடத்தின் நாடக நூல் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். கம்பரை நாயகராகக் கொண்ட, கு. அழகிரிசாமியின் ‘கவிச்சக்கரவர்த்தி’ நீண்ட காலம் அந்தப் பாடத்தில் இருந்தது. 1953 முதல் 1957 வரை இதே கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றி, இங்குள்ள இளம் எழுத்தாளர்களோடு இலக்கிய வட்டம் நடத்தியவர் அவர். அவருடைய நாடகத்தை நம் மாணவர்கள் எப்படிப் படித்தார்கள் என்றால், கரு, துணைக்கரு, பாத்திரப்படைப்பு, உத்தி, பின்னணி என்று தனித்தனித் தலைப்புகளில் குறிப்பெடுத்துப் படித்தார்கள். நூலை ஒருமுறையேனும் உரக்க, பாத்திரம் பிரித்து வாசித்த வகுப்புகளை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். உத்தி என்ற தலைப்பில் ‘உரையாடல் உத்தி’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. நாடகம் முழுவதுமே உரையாடல்தான் என்பது யாருக்கும் வேடிக்கையாகத் தெரிவதில்லை.

ஆகவே உங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டியது இது: புதிய நாடகம் ஒன்றைப் பார்ப்பதால் எந்த மாணவருக்கும் எஸ்.பி.எம். தேர்வில் நேரடியாக ஒரு மதிப்பெண்கூடக் கூடப் போவதில்லை. கூடும் என்று எந்தக் குழுவாவது கடிதத்தில் எழுதினால் அந்தக் குழுவைச் சந்தேகியுங்கள். ஆனால் ஒரு நாடகப் பிரதி வரைவிலிருந்து மேடைக்கு வரும்வரை உடனிருந்த மாணவர், தேர்வுக்குரிய நாடக நூலை வேறு மாதிரி படிக்கிறார். இந்தப் பாத்திரம் இப்போது ஏன் உள்ளே வருகிறது, இவர் ஏன் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுகிறார் என்று கேட்கப் பழகியவருக்குப் பாத்திரப்படைப்பு என்ற தலைப்பின் கீழ் எழுத ஆறு உரிச்சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பதில்லை. பேச்சுத் திறனைப் பற்றியும் ஏதேனும் சொல்லலாம். ஆனால் அதை எல்லாரும் சொல்கிறார்கள்.

எந்தப் படிவம் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. மூன்றாம் படிவ முடிவில் எழுதிவந்த பி.டி.3 தேர்வு 2022இல் கைவிடப்பட்ட பிறகு, முதல் மூன்று படிவங்களில் ஓரளவு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. இரண்டாம், மூன்றாம் படிவ மாணவர்களே இந்த வேலைக்கு ஏற்றவர்கள். நான்காம் படிவத்தில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்தாம் படிவத்தினரை விட்டுவிடுங்கள். அவர்களுடைய பெற்றோரோடு நீங்கள் வாதாடும் நேரத்தில் மற்றவர்களோடு இரண்டு ஒத்திகைக்குப் போய் வந்துவிடலாம்.

ஒரு புதிய நாடகம் எப்படி உருவாகிறது என்பதை உங்கள் தலைமையாசிரியருக்கு விளக்க நேரலாம். நாடகாசிரியர் முதல் வரைவை எழுதுகிறார். அதை நடிகர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, நடிக்காமல், வெறுமனே வாசிக்கிறார்கள். அதற்கு வாசிப்பு என்றே பெயர். காதால் கேட்கும்போதுதான் எழுதியவருக்கே எது நீளம், எது பொய் என்று தெரிகிறது. திருத்தி இரண்டாம் வரைவு, மீண்டும் வாசிப்பு. அதன் பிறகு கோலாலம்பூரில் மாநகர் மன்றத்தின் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு பிரதியும் போகிறது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரதி ஒப்புதலுக்குப் போய்விட்ட பிறகு அதில் பெரிய மாற்றங்கள் செய்யக் குழு தயங்கும், தயங்குவது நியாயமும்கூட. எனவே மாணவர்களின் கருத்து நாடகத்தை உண்மையிலேயே தொட வேண்டுமானால் அவர்கள் வர வேண்டிய காலம் முதல் வாசிப்புக்கும் விண்ணப்பத்துக்கும் இடைப்பட்ட காலம். அரங்கேற்றத்துக்குப் பிறகு நடக்கும் பயிலரங்கில் “உங்கள் கருத்துகளை வரவேற்கிறோம்” என்று சொல்வது மரியாதைக்குச் சொல்வது.

ரயில்பாதை நாடகம் ஒன்றில் நான் உதவி இயக்குநராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கதைக்களம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஜப்பானியர் ஆட்சியில், சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளப் பாதை போட, மலாயாவின் தோட்டங்களிலிருந்து ஆள் திரட்டினார்கள், இங்கிருந்து போனவர்களில் பெரும்பான்மையினர் தமிழர், பாதை 1943 அக்டோபரில் இணைந்தபோது அவர்களில் எத்தனையோ பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டு போயிருந்தார்கள். எங்கள் நாடகத்தில், கணவனை அங்கே பறிகொடுத்த பாட்டி பேரப்பிள்ளைகளிடம் அதைச் சொல்வதாக ஒரு காட்சி. “அந்த இருண்ட நாள்களை எண்ணினால் என் நெஞ்சம் துயரக் கடலில் ஆழ்கிறது” என்று பாட்டி தொடங்குவார். வாசிப்புக்கு வந்திருந்த மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி கையை உயர்த்தி, “எங்க பாட்டி இப்படிப் பேசுனா நாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்” என்றாள். எல்லாரும் சிரித்தோம், நாடகாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் பாட்டியிடம் இப்படி ஏதாவது கேட்டால் என்ன சொல்வார் என்று அவளையே கேட்டார். “ஒன்னும் சொல்லமாட்டாங்க. ‘அத ஏன் இப்ப கேக்குற, நீ சாப்டியா’ன்னு கேப்பாங்க” என்றாள். அடுத்த வரைவில் பாட்டியின் ஒன்றரைப் பக்க வசனம் போய்விட்டது. பேரன் மூன்று முறை கேட்கிறான். பாட்டி மூன்று முறையும் அவனுக்குச் சோறு போடுகிறார். அந்த நாடகத்தில் அரங்கம் அமைதியானது அந்த இடத்தில்தான்.

இதைச் சொன்னதும் ஆசிரியர்களிடமிருந்து வழக்கமாக வரும் மறுப்பு ஒன்று உண்டு, அதற்கு நான் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். வகுப்பறையில் நல்ல தமிழ் எழுதச் சொல்லிப் போராடிக்கொண்டிருக்கிறோம், மேடையிலும் பேச்சுத்தமிழும் மலாய்க் கலப்பும் கேட்டால் பிள்ளைகள் அதையே சரியென்று நினைத்துவிட மாட்டார்களா என்பது அந்த மறுப்பு. கவலை நியாயமானது, தமிழ் கேட்கும் இடங்கள் குறைந்துவரும் ஊரில் வாழ்கிறோம். ஆனால் பேச்சுவழக்கைக் கேட்டு எந்த மாணவரும் எழுத்துத்தமிழை இழந்ததை நான் பார்த்ததில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லிக் கொடுக்காததால் இரண்டிலும் தடுமாறுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாடகப் பிரதி இந்த வேறுபாட்டைக் கற்பிக்க மிகச் சிறந்த கருவி. ஒரே பக்கத்தில் மேடைக் குறிப்பு எழுத்துத்தமிழில் இருக்கிறது, அதன் கீழே வசனம் பேச்சுத்தமிழில் இருக்கிறது. கோயில் தலைவர் ஒலிபெருக்கியில் பேசும்போது ஒரு தமிழ், அவரே வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது வேறொரு தமிழ். எந்த இடத்தில் எது, ஏன் என்று மாணவர் கேட்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் ஒரு பருவம் முழுக்க நடத்தும் மொழிப் பாடத்தை அவர் தானே நடத்திக்கொள்கிறார்.

மலாய்க் கலப்பைப் பற்றியும் ஒரு சொல். ‘கித்தா’, ‘தவுக்கே’, ‘பாசார்’ என்ற சொற்களை எழுத்துத்தமிழுக்கு மாற்றி ‘இரப்பர்’, ‘முதலாளி’, ‘சந்தை’ என்று எழுதினால் 1940களின் தோட்டத்துத் தமிழர் மேடையில் இருக்க மாட்டார். அவருடைய உடையில் வேறு யாரோ நிற்பார். விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் ‘பெரட்டு’ என்ற சொல் இன்றைய மாணவர் பலருக்குத் தெரியாது. ரயில்பாதை நாடகத்துக்காக ஒரு பள்ளியில் மாணவர்களை வீட்டு முதியவர்களிடம் அனுப்பி, இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டி வரச் சொன்னோம். பால்வாளி, உளி, மங்கு, கங்காணி, தண்டல், லயம் என்று பட்டியல் நீண்டது. ஒரே சொல்லுக்குப் பேராக் பக்கம் ஒரு பொருளும் கெடா பக்கம் ஒரு பொருளும் சொன்னவர்கள்கூட இருந்தார்கள். ரயில்பாதைக்குப் போனவர்களில் அநேகமாக எவரும் இன்று நம்மிடையே இல்லை. ஆனால் அவர்களைப் பற்றி வீட்டில் என்ன பேசப்பட்டது, எது பேசப்படவில்லை என்று சொல்லக்கூடிய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு நாடகக் குழுவிடம் ஆள் கிடையாது. உங்களிடம் நாற்பது மாணவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வாறு ஊரிலிருந்து கதையைத் திரட்டி மேடைக்குக் கொண்டுவரும் முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. பினாங்கில் ஜேனட் பிள்ளை, 1990களில் இளையோருக்கான அரங்கையும், பின்னர் ஆர்ட்ஸ்-எட் அமைப்பின் வழியாக ஜார்ஜ் டவுன் பிள்ளைகளோடு சமூகக் கலைக் கல்வியையும் வளர்த்தபோது, பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பினார். கைவினைஞரையும் கடைக்காரரையும் பேட்டி கண்டு வந்து அதிலிருந்தே நிகழ்ச்சியைக் கட்டினார்கள். அந்தத் தீவின் நாடக வரலாறே கலப்பின் வரலாறு. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பினாங்கில் முளைத்ததுதான் பங்சாவான் என்ற மலாய் இசை நாடகம்; மாமாக் பூஷி 1885இல் அங்கே தொடங்கிய குழுவே அதன் முதல் பெயர்பெற்ற குழு. முகரம் மாதத்தில் தொடங்கி இன்று வேறு வடிவில் நிற்கும் போரியா என்ற குழுப் பாட்டுக் கூத்தும் அந்தத் தீவின் சொத்து. தமிழ் முஸ்லிம் மாணவர்கள் உங்கள் கழகத்தில் இருந்தால் இந்தக் கதைகளில் சில அவர்கள் வீட்டுக் கதைகளாகவே இருக்கலாம். தோட்டங்களிலோ, மாரியம்மன் திருவிழா இரவுகளில் பலகை மேடையில் விடிய விடிய நடந்த மதுரைவீரனும் நல்லதங்காளும் அரிச்சந்திரனும் நம் மூத்த தலைமுறைக்கு நாடகம் என்ற சொல்லின் பொருளாகவே இருந்தன.

அந்தத் தோட்டத்து வாழ்க்கை தலைநகரின் ஆங்கில மேடைக்குக் கெடாவின் பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியத்தின் மூலம் வந்தது. அவருடைய ‘தி கார்ட்’ 1984இல் அரங்கேறியது. தமிழர் கதை தமிழில் சொல்லப்படும் முன் ஆங்கிலத்தில் நவீன அரங்கைக் கண்டதை எண்ணி நம்மவர் சிலர் வருந்துவதுண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. அந்த நாடகத்தை நம் மாணவர்களுக்கு யாரும் காட்டவில்லை என்ற வருத்தம்தான் உண்டு.

மாணவர்களையே கதையின் நடுவில் வைத்த ஒரு புதிய நாடகத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால், சிங்கப்பூர் எழுத்தாளர் அல்ஃபியான் சாஅட் 2011இல் தந்த ‘பாரா’ என்ற மலாய் நாடகத்தைச் சொல்வேன். 1971இல் வெளிவந்த ‘இன்டர்லோக்’ நாவல் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலாக்கப்பட்டதும், அதில் இந்தியர் சித்திரிக்கப்பட்ட விதத்துக்கு எதிர்ப்பு எழுந்ததும், 2011 இறுதியில் அது திரும்பப் பெறப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பாடநூலைப் படிக்க நேர்ந்த, வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த நான்கு பள்ளி நண்பர்களின் நட்புக்கு என்ன ஆகிறது என்பதே நாடகம். செய்தித்தாளில் பெரியவர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் புத்தகத்தை உண்மையில் கையில் வைத்திருந்த பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் என்று ஒரு நாடகாசிரியர் கேட்டார். புதிய நாடகம் பள்ளிக்குத் தரக்கூடியது இத்தகைய கேள்வி. புகைபிடிக்காதே, கைப்பேசியைக் குறை, பெற்றோரை மதி என்று அறிவுரை சொல்லும் ‘மாணவர் நாடகம்’ ஒன்றை உங்கள் பள்ளிக்கென்று தனியே செய்து தருகிறோம் என்று குழு முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். காலைச் சபைக்கூடலில் கட்டணமில்லாமல் கிடைப்பதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நாடகத்தின் பகல் காட்சிக்கு மூன்று பள்ளிகளிலிருந்து ஏறத்தாழ முந்நூறு மாணவர்களை வரவழைத்தோம். யாருக்கும் கதை தெரியாது, பாதிப் பேர் அரங்குக்குள் நுழைவதே அதுதான் முதல் முறை. விளக்கு அணைந்ததும் ஒரே கூச்சல். மேடையில் ஒரு தாய் அழும் காட்சியில் பின்வரிசையில் யாரோ ஏப்பம் விட, அரங்கமே சிரித்தது. நடித்துக்கொண்டிருந்த பெண்மணி உள்ளே வந்து நிஜமாகவே அழுதார். ஆசிரியர்கள் மாணவர்களைத் திட்டினார்கள், நாங்கள் ஆசிரியர்களைக் குறை கூறினோம். தவறு எங்களுடையது: இருக்கை எண்ணிக்கையைப் பார்த்தோமே தவிர, முந்நூறு பிள்ளைகளுக்கு இருட்டில் ஒன்றரை மணி நேரம் உட்காரும் பழக்கத்தை யார் எப்போது கற்றுக் கொடுத்தார்கள் என்று யோசிக்கவில்லை. அந்த மாணவர்களில் பத்துப் பேர் முன்பே ஒத்திகைக்கு வந்து, அந்தத் தாயாக நடித்தவர் அந்தக் காட்சிக்காக எத்தனை முறை கீழே விழுந்து எழுந்தார் என்று பார்த்திருந்தால், மற்றவர்களை அவர்களே அடக்கியிருப்பார்கள். பிறகு நடந்த நிகழ்ச்சிகளில் அப்படித்தான் நடந்தது.

செந்தூல் பகுதியில் உங்கள் பள்ளி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. 2005இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் நிகழ்கலை மையம், தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்த செந்தூல் ரயில்வே பட்டறையின் நிலத்தில், அந்தக் காலத்துப் பழைய கட்டடம் ஒன்றை உள்ளடக்கியே எழுந்தது. அங்கே உங்கள் குழுவின் நாடகம் நடக்கிறதோ இல்லையோ, மாணவர்களை ஒரு பிற்பகல் அழைத்துப் போய், மேடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லிக் கேட்கலாம். உங்கள் மாணவர்களில் ஒருவருடைய தாத்தா அந்தப் பட்டறையில் வேலை பார்த்திருக்கக்கூடும். ரயில்பாதைக் கதையைப் பேசத் தொடங்க அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாடகங்களில் எது என்று கேட்டிருந்தீர்கள். இவ்வளவு நேரம் ரயில்பாதையைப் பற்றியே பேசியதால் அதையே பரிந்துரைப்பேன் என்று நினைப்பீர்கள். மேடையில் பார்ப்பதற்கு மின்தூக்கி நகைச்சுவைக்கு அழைத்துப் போங்கள் என்பேன். அடுக்குமாடியில் வசிக்கும் பிள்ளைகளுக்கு ஏழாம் மாடிக்குச் சமையல் வாயுக் கலனைத் தூக்கிச் செல்வதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. சிரிக்க வைக்கும் நாடகம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்ப்பது அழ வைக்கும் நாடகத்தைவிடக் கடினமான பாடமும்கூட. ஆனால் உருவாக்கத்தில் பங்குகொள்வதற்கு ரயில்பாதை நாடகத்தையே கேளுங்கள். சொற்களையும் கதைகளையும் திரட்டும் வேலையில் உங்கள் மாணவர்களால் குழுவுக்குக் கொடுக்க முடிந்தது அங்கேதான் அதிகம்.

நடைமுறைச் செய்திகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இவற்றில் உங்களுக்கு என்னைவிட அனுபவம் இருக்கும். பள்ளிக்கு வெளியே மாணவரை அழைத்துச் செல்ல மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலும் வேண்டும். அதற்கு வாரங்கள் பிடிக்கும் என்பதால், முதல் இரண்டு சந்திப்புகளுக்கு நாடகக் குழுவைப் பள்ளிக்கே வரச் சொல்லுங்கள். பேருந்துச் செலவு பெரும்பாலும் நுழைவுச்சீட்டைவிட அதிகமாகிவிடுகிறது, ஆகையால் கழிவுக்குப் பதிலாகப் போக்குவரத்துக்கு உதவ முடியுமா என்று கேட்பதே மேல். பிரதியை முன்கூட்டியே நீங்கள் முழுமையாகப் படியுங்கள்; வசைச்சொல் இருக்கிறது என்பதற்காக மட்டும் மறுக்காதீர்கள், யார் வாயிலிருந்து ஏன் வருகிறது என்று பாருங்கள். மாணவரோடு குழுவினர் தனியே இருக்கக் கூடாது, ஓர் ஆசிரியர் எப்போதும் உடனிருக்க வேண்டும் என்பதை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல குழு இதைத் தானே முதலில் சொல்லும். மாணவர் திரட்டிக் கொடுத்த கதை மேடைக்குப் போனால் அந்தக் குடும்பத்தின் ஒப்புதல் வேண்டும், நிகழ்ச்சி ஏட்டில் மாணவர் பெயர் வர வேண்டும்.

குழுவுக்கு எழுதும் பதில் கடிதத்தில் நுழைவுச்சீட்டு எத்தனை என்று குறிப்பிடுவதற்கு முன், முதல் வாசிப்பு எந்தத் தேதி, அனுமதிக்கு விண்ணப்பிப்பது எந்தத் தேதி என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு மாதமாவது இருந்தால் போதும். வாசிப்புக்கு இருபது பேருக்கு மேல் அழைத்துப் போக வேண்டாம். ஆளுக்கொரு பிரதியும் ஒரு பென்சிலும் கொடுங்கள். பேனா வேண்டாம், மாணவர்கள் பேனாவால் பிரதியில் எழுதத் தயங்குவார்கள். எங்கே சலிப்புத் தட்டியதோ அங்கே ஓரத்தில் ஒரு கோடு, எங்கே நம்ப முடியவில்லையோ அங்கே ஒரு புள்ளி, அவ்வளவு போதும் என்று சொல்லுங்கள். முடிந்ததும் இருபது பிரதிகளையும் வாங்கி நாடகாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் அன்றிரவு அவற்றைப் புரட்டிப் பார்ப்பார்.